ஆஷியம்மாவின் அடுப்படி

(பங்கு விழாவையொட்டி நடந்த அன்னையர் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவருடைய தாயாரின் வாழ்வையும் குடும்பத்தையும் பற்றிப் பேச வேண்டும் என்பது விழாக் குழுவினர் எனக்கு இட்ட கட்டளை. அன்னையர் மாலை என்றதும் மோனிக்கம்மாளைப் பற்றித்தான் பேசுவேன் என்று உங்களிற் பலர் எண்ணியிருப்பீர்கள். அகுஸ்தினாரும் எழுத்தாளர்தாம், தம் தாயைப் பற்றித் தம் நூலிலே உருகி எழுதியவர்தாம். ஆனால் மோனிக்கம்மாளைப் பற்றி ஆண்டுதோறும் பிரசங்கத்திலே கேட்கிறோம். ஆகவே இன்று நான் ஆப்பிரிக்காவுக்குப் போகவில்லை. நம் கடலோரமாகவே வடக்கு நோக்கி நடக்கிறேன். தருவைகுளம், வைப்பாறு, வேம்பாறு, மூக்கையூர், கீழக்கரை, வேதாளை, மண்டபம். அங்கிருந்து பாம்பன் கால்வாயைத் தாண்டினால் இராமேசுவரம். அங்கே மசூதித் தெருவிலே ஒரு சுண்ணாம்புக்கல் வீடு. அந்த வீட்டு அம்மாவின் பெயர் ஆஷியம்மா. அவருடைய கடைசி மகன் பெயர் அப்துல் கலாம்.

"கலாம் விஞ்ஞானி அல்லவா, குடியரசுத் தலைவர் அல்லவா, அவரை எழுத்தாளர் என்கிறீரே" என்று யாரேனும் கேட்கலாம். 2002 முதல் 2007 வரை அவர் நாட்டின் தலைவராக இருந்தார், மெய்தான். ஆனால் அதற்கு முன்பே, 1999-லேயே, அருண் திவாரியோடு சேர்ந்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய சுயசரிதை வெளிவந்துவிட்டது. மு. சிவலிங்கம் அவர்கள் அதை 'அக்னிச் சிறகுகள்' என்று தமிழாக்கினார்கள். நம் பங்கிலே பள்ளியில் பரிசு வாங்கிய பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அலமாரியைத் திறந்து பாருங்கள், பாதி வீடுகளில் அந்தப் புத்தகம் இருக்கும். தமிழ் வீடுகளில் இவ்வளவு பேர் கையில் ஏறிய நூல் அண்மைக் காலத்தில் மிகச் சிலவே. அந்த நூலைப் பெற்றோரின் நினைவுக்கே அவர் காணிக்கையாக்கினார். முதல் இயல் தொடங்குமுன் தாயைப் பற்றித் தாமே எழுதிய ஒரு கவிதையையும் வைத்தார். பின்னர் 2013-ல் எழுதிய 'எனது பயணம்' என்ற நூலிலே தாய்க்கும் தமக்கைக்கும் என்று ஓர் இயலையே ஒதுக்கினார். விண்கலத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவர் அடுப்படியிலிருந்து தொடங்கினார் என்றால் அந்த அடுப்படியை நாம் எட்டிப் பார்ப்பதில் தவறில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆஷியம்மா கைப்பட எழுதியது எதுவும் நமக்கு வந்ததில்லை. அவரை நாம் அறிவது மகனுடைய எழுத்து வழியாகத்தான். அ.ப.ஜெ. என்று மகன் பெயருக்கு முன்னே மூன்று எழுத்துகள் உண்டு. ஆவுல் என்பது பூட்டனார், பக்கீர் என்பது பாட்டனார், ஜைனுலாபுதீன் என்பது தந்தை. மூன்றும் ஆண்கள். பெற்றவளுக்கு அதில் இடமில்லை. இது அவர்கள் வீட்டுக் குறையன்று. நம் வீட்டு ஞானஸ்நானப் பதிவேட்டைத் தவிர்த்துப் பார்த்தால் நாமும் தாய் பெயரை எங்கே எழுதுகிறோம்? தலையெழுத்திலே விட்டதை மகன் நூலின் முகப்பிலே ஈடுசெய்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி ஆஷியம்மாவின் குடும்பம். இதைச் சொல்லத் தொடங்கினால் நம் கதையும் அதோடு பின்னிக்கொண்டு வரும்.

அவர்கள் மரைக்காயர் வழி வந்தவர்கள். மரைக்காயர் என்றால் மரக்கலம் செலுத்தியவர்கள். கலம் என்பதிலிருந்து வந்த பெயர் என்பார் சிலர், அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பார் வேறு சிலர். எப்படியானாலும் கப்பலும் கடலுமே அவர்களுக்குத் தொழில். காயல்பட்டினமும் கீழக்கரையும் அவர்களுடைய பெரிய ஊர்கள். முத்து, சங்கு, குதிரை, அரிசி, துணி என்று எல்லாம் அவர்கள் தோணியில் ஏறி இறங்கியவை. பேச்சு தமிழ், தொழுகை அரபு. அவர்கள் வீடுகளில் தாயை உம்மா என்பார்கள்.

முத்துச் சிலாபத்தைப் பொறுத்தவரை அவர்களும் நாமும் ஒரே பாரிலே கல் இறக்கியவர்கள். ஒரே பாரிலே இறங்குகிறவர்களுக்குள் சண்டை வராமலிருக்குமா? வந்தது. நம் முன்னோர் ஞானஸ்நானம் பெற்ற வரலாற்றை மறைக்கல்வி வகுப்பில் எல்லாரும் படித்திருக்கிறோம். ஒரு பரதவரின் காது அறுக்கப்பட்டது, அதிலிருந்து பகை மூண்டது, நம் பட்டங்கட்டிமார் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசரிடம் துணை கேட்டார்கள், 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் ஊர் ஊராக மக்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். 1538-ல் வேதாளைக் கடலோரத்தில் போர்த்துக்கீசருக்கும் மரைக்காயர் படைக்கும் பெரும் போர் நடந்தது. புனித சவேரியார் நம் கரையில் கால் வைத்தது அதற்கு நான்கு ஆண்டு கழித்து, 1542-ல். சவேரியார் வந்ததைப் பாட்டாகவும் நாடகமாகவும் கொண்டாடுகிறோம். அதற்கு முன் நடந்த சண்டையிலே எதிர்ப்பக்கம் நின்றவர்களுக்கும் வீடு இருந்தது, அடுப்பு இருந்தது, தாய் இருந்தாள் என்பதை மட்டும் நம் நாடகத்திலே காட்டுவதில்லை.

பிற்பாடு டச்சுக்காரர் வந்தார்கள். அவர்கள் கணக்கிலே கெட்டிக்காரர்கள். சலாபத்திலே இத்தனை கிறித்தவர் கல், இத்தனை முகமதியர் கல் என்று மதம் பிரித்து, வரியும் பிரித்து எழுதினார்கள். தண்ணீருக்கு மேலே அப்படிப் பிரித்தாலும், குளிகாரன் கடலடியில் மூச்சடக்கிக் கயிற்றை இழுக்கும்போது மேலேயிருந்து தூக்குகிறவனுக்கு மதம் தெரியாது, கயிற்றின் அசைவுதான் தெரியும். அரசாங்கம் நம் தூத்துக்குடியிலே கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961-ல். சிப்பி போனபின் சண்டைக்கும் காரணம் போய்விட்டது. இப்போது அந்த ஊர் மக்களோடு நமக்குப் பகையுமில்லை, பழக்கமும் அதிகமில்லை. பகை போன இடத்தில் பழக்கம் தானாக வந்துவிடுமா என்ன?

ஆஷியம்மாவின் பிறந்தகம் பேர்போன குடும்பம். அவருடைய முன்னோர் ஒருவருக்கு வெள்ளையர் அரசாங்கம் 'பகதூர்' பட்டம் கொடுத்திருந்தது. தந்தை வழியைவிடத் தாய் வழியே மேம்பட்டது என்று கலாமே எழுதுகிறார். கணவர் ஜைனுலாபுதீன் அதிகப் படிப்போ செல்வமோ இல்லாதவர், பள்ளிவாசல் இமாம், கொடுக்கும் கையும் தெளிந்த அறிவும் உள்ளவர். பட்டம் பெற்ற குடும்பத்துப் பெண், பட்டமில்லாத இமாமுக்கு வாழ்க்கைப்பட்டார். எங்கள் வீட்டிலே அப்படி, எங்கள் தாத்தா அப்படி என்று சொல்லிக்கொண்டிருக்க அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அப்படிச் சொல்லிக்கொண்டிருந்ததாக மகன் ஓரிடத்திலும் எழுதவில்லை. ஊரார் அவ்விருவரையும் எடுத்துக்காட்டான தம்பதியர் என்றே மதித்தார்கள் என்று எழுதியிருக்கிறார். (இங்கே சில தாய்மார்கள் சிரிப்பது தெரிகிறது. பிறந்த வீட்டுப் பெருமை பேசாத மருமகள் எந்த ஊரிலே என்று நினைக்கிறீர்கள் போலும்.)

பெற்றோர் இருவரும் நல்ல உயரம், நல்ல தோற்றம். தாம் மட்டும் குள்ளமாக, பார்வைக்குச் சாதாரணமாகப் பிறந்தவர் என்று கலாம் வேடிக்கையாகச் சொல்வார். வீடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்புக்கல்லுமாகக் கட்டிய பெரிய வீடுதான். ஆனால் வீட்டின் பெருமைக்குத் தக்க வருமானம் அக்காலத்தில் இல்லை.

அது ஏன் இல்லை? இதற்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1914-ல் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டது. அதற்குமுன் தீவுக்குப் போகிற யாத்திரிகரெல்லாம் படகில்தான் போக வேண்டும். படகுக்காரருக்கு அதுவே சோறு. பாலம் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. அதே பாலம் நம் ஊரின் வாயிலும் மண்ணைப் போட்டது. அதுவரை சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் இரயிலில் தூத்துக்குடிக்கு வந்து இங்கிருந்துதான் கப்பல் ஏறினார்கள். பாலத்துக்குப் பின் போட் மெயில் தனுஷ்கோடிக்குப் போயிற்று. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். நம் துறைமுகத்தில் கொழும்புப் பயணிகளை நம்பியிருந்த வீடுகளும், மசூதித் தெருவில் யாத்திரிகரை நம்பியிருந்த வீடுகளும் ஒரே பாலத்தால் அடிபட்டவை. 2025-ல் புதிய பாம்பன் பாலம் திறந்தபோது பத்திரிகைகளெல்லாம் பழைய பாலத்தின் நூறாண்டுப் பெருமையை எழுதின. பெருமைதான். அதன் அடியிலே போன படகுகளின் கணக்கை யாரும் எழுதவில்லை.

கலாம் ஆறு வயதுப் பிள்ளையாயிருக்கும்போது தந்தையார் யாத்திரிகரை இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஏற்றிப்போகப் பாய்மரப் படகு ஒன்றைக் கடற்கரையிலேயே கட்டினார். உறவினரான அகமது ஜலாலுதீன் கூட நின்று உதவினார். படகு நன்றாகத்தான் ஓடிற்று. பிறகு ஒரு புயலிலே அது போயிற்று. நம் கரையிலே எந்த வீட்டுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட வீட்டிலே ஆஷியம்மாவின் அடுப்படி எப்படி நடந்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது. அந்த வீட்டில் நாள்தோறும் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று மகனுக்குக் கணக்குத் தெரியவில்லை. ஆனால் குடும்பத்தார் எல்லாரையும் கூட்டினாலும் அதைவிட வெளியார் தொகையே அதிகம் என்பது அவருக்கு நிச்சயமாய்த் தெரிந்தது. செல்வர் வீட்டு அன்னதானம் அல்ல இது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தொழுதுவிட்டு, நாலு மைல் தூரத்திலிருந்த சிறு தென்னந்தோப்புக்கு நடந்துபோய், பத்துப் பன்னிரண்டு தேங்காயைத் தோளிலே சுமந்து திரும்புகிற ஒரு மனிதரின் வீட்டிலே நடந்த சாப்பாடு. அந்தத் தேங்காய் துவையலாகி இலையிலே விழுந்தது. பிள்ளை அடுப்படித் தரையிலே தாயோடு உட்காருவான். முன்னே வாழையிலை. அதிலே சோறு, மணக்கும் சாம்பார், வீட்டில் போட்ட காரமான ஊறுகாய், புதிதாய் அரைத்த தேங்காய்த் துவையல். அறுபது ஆண்டுகள் கழித்து, நாட்டின் மிக உயர்ந்த விருதான பாரத ரத்னாவை 1997-ல் பெற்ற பின்னும், அந்த மனிதர் எழுத உட்கார்ந்தபோது இலையிலே விழுந்த ஒவ்வொன்றையும் வரிசை தப்பாமல் எழுதியிருக்கிறார்.

போளியையும் சொல்ல வேண்டும். இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளிக்கூடத்திலே விடுதியில் தங்கிப் படித்தபோது, பிள்ளைக்கு வீட்டு நினைவு வந்தால் முதலில் வருவது உம்மாவின் போளிதான். ஆஷியம்மா பன்னிரண்டு வகையாகப் போளி செய்வார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பண்டத்தின் மணம் தனியாகத் தெரியும். பன்னிரண்டு வகை! நமக்கு இரண்டுக்கு மேல் தெரியாது. சாமான் கொஞ்சமாயிருக்கும் வீட்டில்தான் கைப்பக்குவம் அதிகமாயிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளைகளைத் தூங்க வைக்க அவரும் பாட்டியும் சொல்லிய கதைகள் இரண்டு வகை. ஒன்று நபி பெருமானின் வாழ்க்கையில் நடந்தவை. மற்றது இராமாயணம். இமாமின் மனைவி இராமாயணம் சொல்வதா என்று வியக்கக்கூடாது. சீதா கல்யாண விழாவின்போது கோவில் விக்கிரகங்களை இராம தீர்த்தத்தின் நடுவிலுள்ள மண்டபத்துக்குக் கொண்டுபோகும் படகை ஏற்பாடு செய்தது அந்தக் குடும்பம்தான். கோவில் திருவிழாவுக்குப் படகு கட்டிக்கொடுக்கும் வீட்டிலே அந்தக் கோவிலின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் எப்படி இருப்பார்கள்? மத நல்லிணக்கம் என்ற பெரிய சொல்லை அந்த அம்மா கேட்டிருக்கவே மாட்டார். தெருவிலே நடப்பதைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொன்னார்.

இதே ஊரிலே வேறொரு அடுப்படியும் அந்த நூலில் வருகிறது. பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்த சிவசுப்பிரமணிய ஐயர் மாணவன் கலாமைச் சாப்பிட அழைத்தார். ஆசாரமான அடுப்படியிலே முகமதியப் பையனுக்குப் பரிமாற ஐயரின் மனைவி மறுத்துவிட்டார். ஐயர் கோபிக்கவில்லை, தாமே பரிமாறி, பக்கத்திலே உட்கார்ந்து தாமும் சாப்பிட்டார். புறப்படும்போது அடுத்த வாரமும் வா என்றார். அடுத்த வாரம் அந்த அம்மாளே உள்ளே அழைத்துப்போய்த் தம் கையால் பரிமாறினார். பிரசங்கங்களில் ஐயரின் துணிவைத்தான் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு அந்த அம்மாளிடம்தான் மரியாதை. பிறந்தது முதல் ஊறிய பழக்கத்தை ஒரே வாரத்திலே மாற்றிக்கொள்வது யாருக்கு முடியும்? அந்தப் பையனும் கதவடைத்த அடுப்படியைக் கண்டு கசந்துபோகவில்லை. கதவில்லாத அடுப்படியிலே வளர்ந்தவனுக்கு மூடிய கதவு ஒன்றைக் கண்டால் திகைப்புத்தான் வரும், வஞ்சம் வராது.

போர்க்காலத்துக்கு வருகிறேன். 1939-ல் இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது கலாமுக்கு ஏறத்தாழ எட்டு வயது. எல்லாம் பங்கீடு. புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி வந்தது. பிள்ளை பொறுக்கிப்போய் மசூதித் தெருக் கடையிலே கொடுத்து நாளுக்கு ஓரணா வாங்குவான். இராமேசுவரத்தில் இரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். ஓடுகிற வண்டியிலிருந்து எறியும் பத்திரிகைக் கட்டைப் பிடித்து ஊரிலே போடுகிற வேலை உறவினரான சம்சுதீனுக்கு. அவருக்குத் துணை இந்தப் பையன்.

அந்த நாட்களில் ஒருநாள் சாப்பாட்டு நேரம். சப்பாத்தி. பிள்ளை தின்னத் தின்னத் தாய் போட்டுக்கொண்டேயிருந்தார். பிள்ளையும் போதும் என்று சொல்லவில்லை. சாப்பிட்டு எழுந்த பிறகு அண்ணன் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: உனக்குப் போட்டதெல்லாம் அம்மாவின் பங்கு, அவருக்கு இப்போது ஒன்றுமில்லை, உனக்கு இல்லையென்று சொல்ல அவருக்கு வாய் வராது. கேட்டதும் பிள்ளைக்கு உடல் நடுங்கியது. ஓடிப்போய்த் தாயைக் கட்டிக்கொண்டான்.

தாய்மார்களே, இந்த இடத்திலே நான் ஒன்று சொன்னால் கோபிக்கக்கூடாது. தாய் பட்டினி கிடப்பதை நாம் பாட்டாகப் பாடிப் பாடி அது ஏதோ இயல்பு என்று ஆக்கிவிட்டோம். வெளியார் அத்தனை பேருக்குச் சோறு போட்ட கைக்குத் தன் பங்கு மிஞ்சவில்லை என்றால் அதைக் கவனித்திருக்க வேண்டியவர்கள் அந்த வீட்டு ஆண்பிள்ளைகள். அந்த அண்ணன் கவனித்தார், தம்பியிடம் சொன்னார். கதையிலே எனக்குப் பிடித்தவர் அந்த அண்ணன். நம் வீடுகளிலும் கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவரின் தட்டை யாராவது ஒருவர் பார்க்க வேண்டும்.

மண்ணெண்ணெயும் அப்படித்தான். மின்சாரம் கிடையாது. மாலை ஏழு மணி முதல் ஒன்பது வரை விளக்கு எரியும், பிறகு எல்லாரும் படுத்துவிட வேண்டும். இந்தப் பிள்ளைக்கு மட்டும் தாய் ஒரு சிறு விளக்கைத் தனியே வைத்திருந்தார், பதினோரு மணி வரை படிக்க. அதற்கான எண்ணெயை எதிலிருந்து மிச்சம் பிடித்தார் என்று இங்கே அடுப்பெரித்துப் பழகிய மூத்த தாய்மார்களுக்குத் தெரியும். கணக்கு வாத்தியார் ஒருவர் ஆண்டுக்கு ஐந்து பிள்ளைகளுக்கு மட்டும் இலவசமாகச் சொல்லிக்கொடுப்பார். அதிகாலை நான்கு மணிக்குக் குளித்துவிட்டு வரவேண்டும் என்பது கட்டளை. அதற்குமுன் எழுந்து, பிள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி அனுப்பியவர் ஆஷியம்மா. ஐந்தரைக்குத் திரும்பினால் தந்தை காத்திருப்பார் தொழுகைக்கு.

ஆஷியம்மாவின் வளர்ப்பு ஆண்பிள்ளையோடு நிற்கவில்லை. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலே இடம் கிடைத்தபோது சேர்வதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. தந்தையிடம் இல்லை. தமக்கை சோஹ்ரா தம் பொன்வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். ஜலாலுதீனுக்கு வாழ்க்கைப்பட்டவர் அவர். இன்னொரு வீட்டுக்குப் போன பெண், பிறந்த வீட்டுத் தம்பிக்காக நகையைக் கழற்றினார். எங்கே கற்றார்? பன்னிரண்டு வகைப் போளி செய்த அதே அடுப்படியிலேதான் கற்றிருக்க வேண்டும். எம்.ஐ.டி.க்கு முன் நான்காண்டு திருச்சி புனித வளனார் கல்லூரியிலே சேசு சபைக் குருக்களிடம் கலாம் படித்தார் என்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அதோடு சோஹ்ராவின் வளையலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கலாம் பல மேடைகளிலும் எழுத்திலும் சொல்லிய ஒரு காட்சி உண்டு. இராமேசுவரம் கோவில் தலைமை அர்ச்சகர் பட்சி இலட்சுமண சாஸ்திரிகள், தீவிலே முதல் மாதா கோவிலைக் கட்டியவர் என்று கலாம் குறிப்பிடும் அருட்தந்தை போடல், பள்ளிவாசல் இமாமான தம் தந்தை என்று மூவர். கையிலே ஆளுக்கொரு தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து ஊர்ப் பிரச்சினைகளைப் பேசித் தீர்ப்பார்கள். வேட்டியும் பூணூலும், அங்கியும், தொப்பியுமாக மூவரும் ஒரே இடத்தில். கேட்க மிகவும் அழகான காட்சி. நாமும் கைதட்டுகிறோம். ஆனால் தேநீர் தானாக வராது. மூன்று கோப்பைக்கும் யாரோ ஒரு பெண் அடுப்பை ஊதியிருக்கிறாள். அவளுடைய பெயரை எந்த மேடையிலும் யாரும் சொல்லவில்லை. நான்காவது ஆளாக அவளையும் நாம் அந்தப் படத்திலே உட்கார வைத்துப் பார்க்கலாம்.

அப்படி வளர்ந்த மகன் 1962-ல் விண்வெளி ஆய்வு வேலைக்கு வந்தபோது அவருக்கு வாய்த்த முதல் வேலையிடம் எது தெரியுமா? திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவிலே, நம்மைப் போன்ற மீனவக் கத்தோலிக்கரின் புனித மதலேன் மரியாள் கோவில். அந்த இடம் இராக்கெட் ஏவுவதற்குத் தேவை என்று விக்ரம் சாராபாய் கேட்டார்; ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா ஞாயிறு திருப்பலியிலே மக்களிடமே கேட்டு அவர்கள் சம்மதத்தோடு கொடுத்தார். 1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து முதல் இராக்கெட் புறப்பட்டது. பலிபீடம் இருந்த இடத்திலே ஆய்வுக்கூடம். மரைக்காயர் வீட்டுப் பிள்ளை அங்கே உட்கார்ந்து வேலை செய்தார். நானூறு ஆண்டுக்குமுன் வேதாளையிலே எதிரெதிரே நின்றவர்களின் வழித்தோன்றல்கள்!

கடைசியாக ஒன்று. இது மகிழ்ச்சியான கதையன்று. என்றாலும் பிள்ளைகளைக் கப்பலுக்கும் அரபு நாடுகளுக்கும் அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள் நம் பங்கிலே அதிகம். ஆகையால் சொல்லாமல் விடக்கூடாது.

எழுபதுகளில் கலாமின் குடும்பத்தில் அடுத்தடுத்துச் சாவு. முதலில் ஜலாலுதீன். பிறகு 1976-ல் தந்தையார், தம் 102-ஆம் வயதில். அப்போது கலாம் எஸ்.எல்.வி. இராக்கெட் திட்டத்தின் தலைவர். இரவு பகல் என்று இல்லாத வேலை. இராமேசுவரம் போனார். வயதான தாயோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆனால் தங்க முடியவில்லை. கணவர் வாழ்ந்த வீட்டை விட்டு ஆஷியம்மா வரமாட்டார். அந்த வீட்டுக்கு இனி அவரே காவல். மகனாலும் அங்கே இருக்க முடியாது. இருவருக்கும் அது தெரியும். தொண்டை அடைக்க ஆசீர்வாதம் சொல்லி அனுப்பினார் தாய். மகன் தும்பாவுக்குத் திரும்பினார்.

அதன்பின் சிறிது காலத்திலேயே ஆஷியம்மா காலமானார். என் வேலையைக் கொஞ்சம் மறந்துவிட்டு அவர் சொல்வதைக் கேட்டிருக்கக்கூடாதா, அவ்வளவு பிடிவாதமா எனக்கு என்று கலாம் தம்மைத்தாமே அந்த நூலிலே கேட்டுக்கொள்கிறார். ஊருக்குப் போய், சிறுவயதில் தந்தை கையைப் பிடித்து அழைத்துப்போன அதே பள்ளிவாசலில் தொழுதார். கணவரின் அன்பில்லாமல் அவரால் இங்கே அதிக நாள் இருக்க முடியவில்லை என்று இறைவனிடம் சொன்னார், மன்னிப்புக் கேட்டார். தன் பெரிய வெற்றிகளை எழுதிய நூலிலே இந்தப் பக்கத்தையும் அவர் மறைக்காமல் வைத்தார். அதனால்தான் அவரை எழுத்தாளர் என்று நான் துணிந்து சொன்னேன்.

எஸ்.எல்.வி.யின் முதல் ஏவுதல் 1979 ஆகஸ்டு 10-ல் கடலில் விழுந்தது. அடுத்தது 1980 ஜூலை 18-ல் ரோகிணி செயற்கைக்கோளை வானத்திலே நிறுத்தியது. நாடெங்கும் அந்தப் பெயர் ஒலித்த அன்று, மண்ணெண்ணெய் விளக்குக்கு எண்ணெய் மிச்சம் பிடித்தவர் கேட்பதற்கு இல்லை.